குறுகிய தீவுப் பயணம்: கடைசிப் படகிலிருந்து திட்டத்தைத் தொடங்குங்கள்

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு மூன்று நான்கு நாட்கள் சென்றுவர விரும்புவோர் பெரும்பாலும் விடுதியைத்தான் முதலில் தேடுகிறார்கள். படம் பிடித்துப்போகிறது, முன்பணம் கட்டுகிறார்கள், பிறகு விமானச் சீட்டைப் பார்க்கிறார்கள், படகைப் பற்றி விசாரிப்பது கடைசியில்தான். நான் திட்டம் வகுத்துக் கொடுத்தவர்களிடமும், அவர்களுக்கு முன்பு தாமாகவே திட்டமிட்டு இடறியவர்களிடமும் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசையிலிருந்து பிறந்தவை. விடுதியை மாற்றிக்கொள்ளலாம், சற்றுக் கூடுதல் பணம் கொடுத்தால் விமானத்தைக்கூட மாற்றிக்கொள்ளலாம். தீவுக்குக் கடைசிப் படகு புறப்படும் நேரத்தை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே அதை மையமாக வைத்தே கீழுள்ள படிகளை அடுக்கியிருக்கிறேன்.

1. நாட்களை அல்ல, வெளிச்ச மணிகளை எண்ணுங்கள்

நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே நீடிக்கும். அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்த அரைமணிக்குள் நன்றாக இருட்டிவிடும். கோடையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் நாடுகளிலிருந்து வருவோர் இதை மறந்து, மாலை ஆறரை மணிக்குக் கடற்கரைக்குப் போகலாம் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

நான்கு நாள் பயணம் என்றால் முதல் நாள் பிற்பகலில் போய்ச் சேர்வீர்கள், கடைசி நாள் காலையில் கிளம்புவீர்கள். மிஞ்சுவது இரண்டு முழு நாட்கள், அதாவது சுமார் 24 வெளிச்ச மணிகள். உணவு, ஓய்வு, போக்குவரத்து ஆகியவற்றைக் கழித்தால் 14 அல்லது 15 மணி நேரம் கையில் நிற்கும். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மற்ற முடிவுகளுக்குச் செல்லுங்கள்.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரையான ஒருவழிப் பயணம் மொத்த விடுமுறையில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினால், அருகிலுள்ள வேறு தீவைத் தேர்ந்தெடுங்கள். போகவும் வரவும் சேர்த்தால் அதுவே கால் பங்காகிவிடும். இரண்டாவது, ஒரே தீவில் தங்குங்கள். நான்கு நாளில் இரண்டு தீவுகள் என்பது கேட்க நன்றாக இருந்தாலும், அறையைக் காலி செய்வது, படகுத்துறைக்குப் போவது, காத்திருப்பது, கடப்பது, மறுபடி அறை எடுப்பது என ஒவ்வொரு மாற்றமும் அரை நாளை விழுங்கிவிடும்.

2. பருவத்தைத் தீவுக்குப் பார்க்காமல் கரைக்குப் பாருங்கள்

"எந்த மாதம் நல்ல மாதம்?" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். ஒரே தீவின் இரண்டு கரைகள் ஒரே மாதத்தில் முற்றிலும் வேறாக இருக்கும். இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை, மிரிஸ்ஸ போன்ற இடங்களுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் கொந்தளிக்கும்போது, கிழக்கே திருகோணமலையும் அறுகம்குடாவும் நல்ல நிலையில் இருக்கும். தாய்லாந்திலும் இதே கதைதான். அந்தமான் கடற்பக்கமுள்ள புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். தாய்லாந்து வளைகுடாப் பக்கமுள்ள கோ சமுய் தீவில் கனமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும், நவம்பரில் உச்சத்தைத் தொடும்.

மலை உள்ள தீவுகளில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் ஈரக்காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடும், மறைவுப் பக்கம் உலர்ந்து கிடக்கும். ஹவாயின் பெரிய தீவில் கிழக்கேயுள்ள ஹிலோ நகரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேற்கேயுள்ள கோனாவில் அதில் ஒரு சிறு பங்குதான். இரண்டும் ஒரே தீவு.

புயல் காலத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. கரீபியனின் தென்கோடியிலுள்ள அரூபா, பொனேர், குராசோ ஆகிய தீவுகளைப் புயல் அரிதாகவே தொடும். மொரீஷியஸில் புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. புயல் காலத்தில் கட்டணம் குறைந்திருக்கும், பலர் அதற்காகவே செல்கிறார்கள். பத்து நாள் பயணத்தில் இரண்டு நாள் போனால் தாங்கலாம், மூன்று நாள் பயணத்தில் தாங்க முடியாது என்பதே என் கருத்து.

மழைக்காலம் என்றாலே நாள் முழுவதும் மழை என்று அஞ்சவும் வேண்டாம். பல தீவுகளில் பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். உங்கள் திட்டத்தைக் கெடுப்பது மழையைவிடக் காற்றும் அலையுமே, ஏனெனில் படகை நிறுத்துபவை அவைதாம்.

3. கடக்கும் வழியை விமானத்துக்கு முன்பே பாருங்கள்

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் இதில் நேரும் இழப்பு அளவுக்கு வராது.

முதலில் நீங்கள் செல்லும் நாளில், அந்தக் கிழமையில், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கண்டுபிடியுங்கள். கிழமையை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சில தீவுக்கூட்டங்களில் வார விடுமுறை நாளில் பொதுப் படகே ஓடாது. கோடைக்கால நேர அட்டவணையும் மழைக்கால அட்டவணையும் வெவ்வேறாக இருப்பதும் வழக்கம். மாலத்தீவில் கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. மாலையில் வந்து இறங்கும் பயணி மறுநாள் காலை வரை தலைநகர் மாலே பக்கத்திலேயே தங்க வேண்டியிருக்கும். அதற்குள் தீவு விடுதியில் முதல் இரவுக்கான வாடகை வீணாகியிருக்கும்.

அடுத்து, விமான நிலையத்திலிருந்து துறை எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். பிலிப்பைன்ஸின் போராகாய் தீவுக்கு இரண்டு விமான நிலையங்கள் பயன்படுகின்றன. கட்டிக்லானில் இறங்கினால் துறை சில நிமிடத் தொலைவு. கலிபோவில் இறங்கினால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சாலைவழி கடந்தே அதே துறைக்கு வர வேண்டும். விலைப் பட்டியலில் கலிபோ மலிவாகத் தெரியும். அந்தச் சேமிப்புக்காக இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து பகல் மணிகளைக் கொடுக்கிறீர்கள்.

இப்போது கணக்கைப் பின்னோக்கிப் போடுங்கள். கடைசிப் படகு மாலை 4.30 என்று வைத்துக்கொள்வோம். துறையில் ஒரு மணி நேரம் முன்பே இருக்க வேண்டும், அது 3.30. சாலைப் பயணம் ஒரு மணி நேரம், அது 2.30. இறங்கிய பின் குடிவரவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி நேரம், அது 1.00. விமானத் தாமதத்துக்கென்று இரண்டு மணி நேரத்தை ஒதுக்கினால், காலை 11 மணிக்குள் தரையிறங்கும் விமானமே உங்களுக்கு ஏற்றது. இரண்டு மணிக்கு வந்து சேரும் விமானத்தை வாங்கிவிட்டு, "எப்படியும் பிடித்துவிடலாம்" என்று நம்பித் துறையில் பெட்டியோடு நின்ற ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் இழந்தது ஓர் இரவு வாடகையை மட்டுமல்ல, மூன்று நாள் பயணத்தின் முதல் நாளையும்.

பார்க்கும் வரிசை வேறு, பணம் கட்டும் வரிசை வேறு என்பதையும் கவனியுங்கள். பார்ப்பது படகிலிருந்து தொடங்க வேண்டும். பணம் கட்டும்போது விமானம், படகு, விடுதி என்ற வரிசையில் கட்டுங்கள், விடுதியை இலவசமாக இரத்து செய்யும் வசதியுடன் எடுங்கள். படகு அட்டவணை பயண நாளுக்குச் சில வாரம் முன்புதான் வெளியாகும் இடங்களும் உண்டு. அப்போது விடுதியின் முதல் இரவை மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

காலைப் படகையே விரும்புங்கள். வெயில் ஏற ஏறக் காற்று வலுப்பதால் பிற்பகலில் கடல் பொதுவாகக் கூடுதலாக ஆடும். ஆட்டம் குறைவாக இருக்கும் இடம் பெரிய படகில் நடுப்பகுதியின் கீழ்த்தளம், விரைவுப் படகில் பின்பகுதி. குமட்டல் மாத்திரை எடுப்பவர்கள் புறப்படுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் விழுங்கிய மாத்திரை வயிற்றில் நிற்பதில்லை. இதய, கண் நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே எடுக்கட்டும்.

4. அறைக்கு முன் கரையைத் தேர்ந்தெடுங்கள்

விடுதியின் படங்கள் ஏறத்தாழ எப்போதும் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் எடுக்கப்பட்டவை. தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் பாஜே, ஜம்பியானி போன்ற இடங்களில் கடல் வற்றும்போது நீர் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கிவிடும். நீந்துவதற்காகவே அங்கே சென்றவர், பகலில் பாதி நேரம் ஈர மணலையும் கடற்பாசியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வடமுனையிலுள்ள நுங்வியில் இந்த வேறுபாடு மிகவும் குறைவு. வற்றிய கடலும் நடந்து பார்க்க அழகானதுதான். எது வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், அவ்வளவே.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளில் நீர் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். இடைவெளி ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் அது ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 10 மணிக்கு வற்றினால் மூன்றாம் நாள் 11.40 வாக்கில் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். கரீபியன் கடலில் இந்த வேறுபாடு பொதுவாக அரை மீட்டருக்கும் குறைவு என்பதால் அங்கே இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தொலைவைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். ஹவாயின் மாவி தீவில் ஹானா என்ற ஊருக்குச் செல்லும் சாலை 84 கிலோமீட்டர்தான். ஆனால் அறுநூறுக்கு மேற்பட்ட வளைவுகளும், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பல பாலங்களும் உள்ளதால் நிற்காமல் போனாலும் இரண்டரை மணி நேரமாவது ஆகும். நீங்கள் செய்யவிருக்கும் முக்கியமான காரியம் எந்தக் கரையில் நடக்கிறதோ அந்தக் கரையிலேயே தங்குங்கள். வரைபடத்தில் நடுவில் இருக்கிறது என்பதற்காக எடுத்த அறையிலிருந்து எல்லா இடமும் தொலைவாகவே இருக்கும்.

5. ஆவணங்களும் அந்தந்த இடத்தின் தடைகளும்

கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. நுழைவுப் படிவங்கள் இப்போது பெரும்பாலும் பயணத்துக்கு முந்தைய சில நாட்களில் மட்டுமே இணையத்தில் நிரப்பக்கூடியவை. மாலத்தீவுக்கு அந்த அவகாசம் 96 மணி நேரம். வழியில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம். பயணி எந்த நாட்டவர் என்பதைவிட எந்த வழியாக வருகிறார் என்பதே இங்கே முக்கியம், பலர் தவறவிடுவதும் இதைத்தான்.

தீவுக்கென்று தனி விதிகளும் உண்டு. சான்சிபார் 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் அங்கேயே காப்பீடு வாங்க வேண்டும் என்கிறது. பாலியில் நியெபி எனும் மௌனப் புத்தாண்டு நாளன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும், அது பெரும்பாலும் மார்ச்சில் வரும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையும், மாயா வளைகுடா ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலும் மூடியிருக்கும். ஒரே ஓர் இடத்தைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால், அது திறந்திருக்கும் நாளைத் தெரிந்துகொண்ட பிறகே விமானச் சீட்டைத் தொடுங்கள்.

பயணக் காப்பீட்டில் இரண்டு வரிகளை மட்டும் தேடிப் படியுங்கள். ஒன்று ஸ்கூபா (காற்றுக் கலனுடன் கடலில் மூழ்குவது) எத்தனை மீட்டர் ஆழம் வரை சேர்ந்திருக்கிறது என்பது, மற்றது இருசக்கர வாகன விபத்து பற்றியது. மோட்டார் சைக்கிள் உரிமம் இல்லாதவர் வாடகை ஸ்கூட்டரில் விழுந்தால் காப்பீடு பொதுவாகக் கை கொடுக்காது. சிறு தீவில் பெரிய மருத்துவமனை இருக்காது. படகிலோ விமானத்திலோ வெளியே கொண்டுசெல்லும் செலவுதான் மிகப் பெரியது.

6. நாட்களின் வரிசை

இங்கே ஒரு விதி மற்ற எல்லாவற்றையும் ஆளுகிறது. ஸ்கூபா செய்த பின் உடனே விமானத்தில் ஏறக் கூடாது. ஆழத்தில் அழுத்தத்தால் உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அதற்கு முன் காற்றழுத்தம் குறைந்த விமான அறைக்குள் சென்றால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஆழம் குறைந்த ஒரே ஒரு முறைக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல முறை செய்தால் 18 மணி நேரம் என்பது வழக்கமான பரிந்துரை. நான் 24 மணி நேரம் விட்டே திட்டம் எழுதுகிறேன். உயரமான மலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாவியில் காலையில் ஸ்கூபா முடித்துவிட்டு அன்று மாலையே 3,055 மீட்டர் உயரமுள்ள ஹலியாகலா உச்சிக்குக் காரில் செல்வது விமானத்தில் ஏறுவதற்குச் சமமான ஆபத்து.

ஆகவே நான்கு நாள் பயணத்தில் ஸ்கூபா இரண்டாம் நாள் காலையில் வர வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அன்று கடல் மோசமாக இருந்தால் மூன்றாம் நாள் அதிகாலை கையில் இருக்கிறது, அதிலும் நான்காம் நாள் விமானத்துக்கு முன் 24 மணி நேர இடைவெளி மிஞ்சுகிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே அந்த மாற்று நாளை எழுதுங்கள். வானிலையை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் முன்னால் வைத்து, சந்தை, கிராமம், காட்டுப் பாதை போன்று வானிலை அவ்வளவாகத் தடுக்காதவற்றைப் பின்னால் வையுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் "சிறந்ததைக் கடைசிக்கு வைப்போம்" என்று இதை மாற்றிச் செய்து, கடைசி நாள் காற்றடித்ததும் ஏமாந்து திரும்புகிறார்கள்.

முதல் நாள் மாலைக்கு எதையும் எழுதாதீர்கள். கரையில் நடந்து பாருங்கள், நீர் எந்த நேரத்தில் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள், மறுநாள் படகுக்காரரிடம் நேரில் பேசிக்கொள்ளுங்கள். இந்த ஒரு மணி நேரம் அடுத்த இரண்டு நாட்களைச் சீராக்கும்.

ஒரு நாளுக்குள்ளும் வரிசை உண்டு. காலை ஆறு முதல் பத்து வரை கடலுக்கு, பத்து முதல் மூன்று வரை நிழலுக்கு, மூன்றுக்குப் பிறகு மறுபடி வெளியே. வெப்பமண்டலத்தில் நடுப்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு, மிகக் கடுமையானதாகக் கருதப்படும் 11ஐத் தாண்டுவது இயல்பு, மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

7. கடலில் இறங்கும் முன்

கரையில் அலைகள் வரிசையாக உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அலை உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், புதியவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். கரையில் ஏறிய நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாதீர்கள். கரைக்கு இணையாக நீந்தி இழுவையை விட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு கரையேறுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

வெயில் காப்புப் பூச்சைப் பலர் முகத்துக்கு மட்டுமே தடவுகிறார்கள். ஆனால் நீருக்குள் முகம் கவிழ்த்து மிதக்கும்போது வெந்துபோவது முதுகும் கெண்டைக்காலும்தான். நீள்கை நீச்சல் சட்டை பூச்சைவிட நம்பகமானது. பூச்சு வாங்கினால் பவளத்துக்குக் கேடானதாகக் கருதப்படும் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் இல்லாததாகப் பாருங்கள். பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் இவற்றின் விற்பனையைத் தடை செய்துள்ளன.

பாறைக் கரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கோ சமுய், கோ பங்கான் போன்ற தீவுகளின் சில கடற்கரைகளில் பெட்டி ஜெல்லிமீன் கொட்டுக்கு உடனே ஊற்ற வினிகர் புட்டி வைக்கப்பட்ட கம்பங்கள் இருக்கும். இறங்குமுன் அது எங்கே என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. பை

இரண்டு பைகளாகப் பிரியுங்கள். நீர் புகாத சிறு பையில் கடவுச்சீட்டு, பணம், அன்றாட மருந்து, ஒரு மாற்றுடை, கைபேசி மின்சேமிப்பான் ஆகியவை உங்கள் மடியிலேயே இருக்கட்டும். பெரிய பை படகின் முன்பகுதியிலோ கூரையிலோ போகும், நனையவும் கூடும். சக்கரப் பெட்டியைவிட முதுகுப்பை நல்லது, ஏனெனில் பல தீவுகளில் படகு மணலிலேயே ஒதுங்கும், முழங்கால் நீரில் இறங்கி நடக்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது, ஆகவே விரட்டிக் களிம்பை இரவுக்கென்று பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

9. பணம், தொடர்பு

சிறு தீவில் ஒரே ஒரு பணப்பொறி (ஏ.டி.எம்.) இருந்து, அதுவும் வார இறுதியில் காலியாகிவிடும். பெருநிலத்திலேயே சிறிய தாள்களாக எடுத்துக்கொள்ளுங்கள். படகுச் சீட்டு, விடுதி முகவரி, தீவின் வரைபடம் ஆகிய மூன்றையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி கைபேசியில் சேமித்து, முகவரியை மட்டும் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

10. திரும்பும் நாள்

திரும்பும் விமானம் பிற்பகலில் இருந்தால் அன்றைய முதல் படகிலேயே வந்துவிடுங்கள். இரண்டாவது படகு உங்களுக்கு மாற்றாக இருக்க வேண்டுமே தவிர, அதுவே திட்டமாக இருக்கக் கூடாது. விமானம் காலையில் என்றால் முந்தைய மாலையே பெருநிலத்துக்கு வந்து விமான நிலையத்துக்கு அருகில் தங்குங்கள். கடைசி இரவைத் தீவில் கழிக்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. காற்று எழும்பிப் படகு நிறுத்தப்பட்ட காலையில் அடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டிய தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிய வருத்தம்தான்.

முந்தைய நாள் மாலை படகு நிறுவனத்திடம் நேரத்தை மறுபடி உறுதி செய்யுங்கள். பருவம் மாறும் வாரங்களில் அட்டவணை முன்னறிவிப்பின்றி நகரும். விடுதிக் கணக்கை அன்றிரவே தீர்த்துவிடுங்கள். ஈர உடைகளைத் தனிப் பையில் கட்டுங்கள். சங்கு, பவளத் துண்டு எதையும் பைக்குள் போடாதீர்கள். பல நாடுகளில் அவற்றை எடுத்துச் செல்வது குற்றம், விமான நிலையச் சோதனையில் அவை எளிதில் அகப்படும். அவ்வாறு அகப்பட்டால், இரண்டு மணி நேரம் முன்பே வந்து சேர்ந்தும் விமானத்தைத் தவறவிட நேரலாம்.